மல்லிகா பார்த்த மயில்

போன வாரம் கோல சிலாங்கூர் பேரங்காடியில் தீபாவளிக் கோலத்தைப் பார்த்ததும், என்னையறியாமல் குனிந்து அதிலிருந்த மயிலின் கழுத்தைத் தடவிவிட்டேன். "ஆன்ட்டி, ஏதும் விழுந்துருச்சா?" என்று ஓடி வந்தார் காவலாளி. "கண்ணாடி" என்று சமாளித்தேன். சொன்னால் சிரிப்பீர்கள், கண்ணாடி என் மூக்கின் மேலேயே இருந்தது.

கோலம் என்றாலே எனக்கு முதலில் வருவது சாய வாசனைதான். செரண்டாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்த நாளில், தீபாவளிக்கு முன்கூடத்தில் கலர் அரிசிக் கோலம் போடுவது என் பொறுப்பு. ஒரு வாரத்துக்கு விரலெல்லாம் பச்சை. சோறு பிசைந்தால் சோறும் பச்சை. என்னை விட்டால் சிலாங்கூரில் ஆளில்லை என்ற நினைப்பு வேறு!

அந்த நினைப்பில் மண்ணைப் போட்டவள் மல்லிகா. எங்கள் டெலிபோன் ஆபரேட்டர். பிறவியிலேயே பார்வை இல்லை. 'ஹலோ' சொல்லும் தினுசிலேயே யார் வீட்டில் சண்டை என்று கண்டுபிடித்துவிடுவாள். ஒருநாள் டீ குடிக்கும்போது சொன்னாள்:

"எட்டு வருஷமா 'எல்லாரும் வந்து கோலம் பாருங்க'ன்னு ஸ்பீக்கர்ல நாந்தான்டி கூப்பிடறேன். நான் மட்டும் ஒரு தடவகூடப் பாத்ததில்ல."

சுருக்கென்றது. எட்டு வருடமும் அவள் எதிரில்தானே பீற்றிக்கொண்டிருந்தேன்!

அந்த வருடம் தரையில் போடவில்லை. பெரிய பலகையில் பசை தடவி, கழுத்துக்குப் பச்சைப்பயறு, தோகைக்கு அரிசி, தோகைக் கண்களுக்குக் கொண்டைக்கடலை, இடைவெளி முழுக்கக் கடுகு என்று ஒரு மளிகைக்கடையையே ஒட்டினேன். மல்லிகா இரண்டு கையாலும் தடவினாள். முகத்தில் ஒன்றும் காணோம்.

"என்னடி?"

"சாம்பாருக்கு எல்லாம் இருக்கு. மயிலத்தான் காணோம்."

மூன்று நாள் வேலை! கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு நானும் தடவினேன். எனக்கும் மயில் அகப்படவில்லை. கழுத்து எங்கே முடிகிறது, தோகை எங்கே தொடங்குகிறது என்று விரலுக்குச் சொல்ல ஓர் இடம்கூட வெறுமையாக விடவில்லை நான். கரண்டிக் காம்பால் கடுகையெல்லாம் சுரண்டி எடுத்தேன். கூடவே தோகையில் பாதியும் போயிற்று. வயிறு எரியத்தான் செய்தது.

மறுபடி தடவினாள். அலகில் தொடங்கிய விரல் கழுத்தில் இறங்கி, தோகையில் போய்க்கொண்டே இருந்தது.

"அடியே, இத்தினியூண்டு தலைக்கு இவ்ளோ பெரிய வாலா!"

சிரித்துச் சிரித்து அவளுக்கு மூச்சு வாங்கியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் ஸ்பீக்கரில் அவள் குரல்: "எல்லாரும் வந்து மயிலப் பாருங்க. நான் பாத்துட்டேன் லா!"

பண்டிகை முடிந்ததும் அந்த மயிலை எலி தின்றுவிட்டது. பிற்பாடு தொழிற்சாலையும் இடம் மாறியது. டெலிபோன் அறையே இல்லை. இப்போது கூப்பிட்டால், ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று ஒரு இயந்திரம் பேசுகிறது. மல்லிகா ராசா என்ற ஊரில் தம்பி வீட்டில் இருக்கிறாள்.

பேரங்காடியிலிருந்தே அவளுக்குப் போன் போட்டேன்.

"மயிலா? தொட்டுப் பாத்தியா?"

"பாத்தேன். ஸ்டிக்கர்டி. கைக்கு வெறும் தரைதான்."

"அப்ப இந்த வருஷம் நீயும் பாக்கலன்னு சொல்லு!" என்றாள்.