எல்வியோ பூண்டு தொடாத வாரம்

எங்கள் ஊரில் பால் லாரி ஓட்டும் எல்வியோ துருவெத்தாவை மனிதர்களைவிட மாடுகளுக்குத்தான் நன்றாகத் தெரியும். நாற்பது தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. அதற்குக் காரணம் முகமோ வருமானமோ இல்லை, பூண்டு.

எங்கள் தாத்தாக்கள் இத்தாலியின் பியமொந்தேயிலிருந்து கப்பலேறி இந்த சாந்தா ஃபே மண்ணுக்கு வந்தபோது உருப்படியாகக் கொண்டுவந்தது பாஞ்ஞா காவ்தா ஒன்றைத்தான். மண்சட்டியில் எண்ணெய் ஊற்றி, பூண்டையும் உப்பு நெத்திலியையும் கரையக் கரையக் காய்ச்ச வேண்டும். இங்கே பாலுக்குப் பஞ்சமில்லாததால் கிரீமையும் தாராளமாக ஊற்றுவோம். பிறகு சட்டியைச் சுற்றி உட்கார்ந்து காய்கறிகளைத் தோய்த்துத் தோய்த்துத் தின்போம். இத்தாலியில் கிரீமே ஊற்றுவதில்லை என்று ஒருவர் வந்து சொன்னார். பாவம், அங்கே என்ன கஷ்டமோ என்று நினைத்துக்கொண்டோம்.

தின்ற பிறகு இரண்டு மூன்று நாளைக்கு ஆள் நாறும். அதனால் வீட்டில் ஒருவர் தின்றால் மற்றவர்களும் தின்றுவிடுவது வழக்கம். தின்றவர் மூக்குக்குத் தின்றவர் நாறுவதில்லை.

குளிர்காலத்தில் வெள்ளிக்கிழமைதோறும் ஊர் கிளப்பில் சட்டி ஏறும். காய்ச்சுவது நான், முதலில் தோய்ப்பது எல்வியோ. மறுநாள் நடனத்துக்குப் போவான். பக்கத்து ஊர்ப் பெண்கள் அவனோடு ஒரு சுற்று ஆடிவிட்டு, காற்று வாங்கிவிட்டு வருகிறேன் என்று போவார்கள். வரமாட்டார்கள்.

அப்படிப்பட்டவனுக்கு இர்மா ஷ்விண்ட் மேல் ஆசை வந்தது. அவள் பால் கூட்டுறவில் பாலைச் சோதிப்பவள். முகர்ந்தே புளிப்பைச் சொல்லிவிடும் மூக்கு. வோல்கா ஜெர்மானியக் குடும்பம், பாஞ்ஞா காவ்தா பழக்கமில்லாதவர்கள். எங்கள் மாகாணத்து நதிக்கு அந்தப் பக்கமிருந்து வந்து எங்கள் ஊரில் தொத்திறைச்சிக் கடை போட்டிருந்தார்கள். எல்வியோ வாரக் கடைசியை ஒதுக்கிவிட்டு, வாசம் தணிந்த புதன், வியாழனில் மட்டும் அவளிடம் பேசிப் பேசியே சம்மதம் வாங்கிவிட்டான். பாக்கி அவள் அப்பா தோன் ரெய்னால்தோ. ஞாயிறு மதியம் சாப்பிட வரச் சொல்லியிருந்தார். அவர் தலையாட்டினால் கல்யாணம், இல்லாவிட்டால் ஆயுசுக்கும் மாடுகள்தான்.

அந்த வெள்ளிக்கிழமை எல்வியோ சட்டி முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

"என்னடா, உடம்பு சரியில்லையா?" என்றேன்.

"எனக்கு வேணாம்டா தெல்மோ."

"வேணாமா? உங்க தாத்தா கேட்டா கல்லறையிலேருந்து எந்திரிச்சு வருவாரு!"

"வரட்டும். வாயக் கொப்பளிச்சுட்டு வரச் சொல்லு."

வெறும் கேரட்டைக் கடித்துக்கொண்டிருந்தான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் அவன் கண் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டதும் மனசு கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை துணைக்கு என்னையும் கூப்பிட்டான். ஆனால் லாரியில் ஏற்றவில்லை.

"நீ பின்னாடி நடந்து வா. நமக்கு நடுவுல நாலு வீடாவது இருக்கணும்."

நான் போய்ச் சேர்ந்தபோதுதான் கதவு திறந்தது. "வாங்க தம்பி, வாங்க!" என்று தோன் ரெய்னால்தோ வாய் நிறைய வரவேற்றார். எல்வியோ தள்ளாடி நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டான். என் மூக்குக்கு ஒன்றும் தெரியவில்லை. நான்தான் தின்றவனாயிற்றே.

உள்ளே இர்மா பெருமையாக நின்றாள். "வெள்ளிக்கிழமை நீங்க தின்னுட்டுத்தான் வருவீங்கன்னு தெரியும். எங்க வீட்டுல யாரும் மூஞ்சியத் திருப்பிடக் கூடாதுல்ல? அதான் நேத்து நானே பாஞ்ஞா காவ்தா காய்ச்சி எல்லாருக்கும் குடுத்தேன்."

"தொத்திறைச்சிக்கு ரெண்டு பல்லு பூண்டு போடுற குடும்பம் தம்பி நாங்க," என்றார் அப்பா, வயிற்றைத் தடவிக்கொண்டே. "இவ கூடைக் கணக்குல போட்டுட்டா. பொண்ணுக்காகப் பொறுத்துக்கிட்டேன்." பிறகு குனிந்து எல்வியோவின் நனைந்த கண்ணைப் பார்த்தார். "ஆமா, தின்னவருக்கு ஏன் கண்ணுல தண்ணி?"

"நான்... திங்கல ஐயா."

இர்மாவின் முகம் செத்துப்போனது. "இத்தன வருஷத்துல இந்த வாரமா கெடச்சுது உங்களுக்கு?"

"உனக்காகத்தான் இர்மா..."

"அப்போ," என்று தோன் ரெய்னால்தோ ஒவ்வொரு வார்த்தையாக இழுத்தார், "இந்த வீட்டுல நாங்க எல்லாரும் உங்களுக்கு நாறுறோம்?"

இதற்கு ஆமாம் என்றால் பெண் இல்லை. இல்லை என்றால் நம்ப ஆளில்லை, அவன் கண்ணில் தாரை தாரையாக நீர் கொட்டிக்கொண்டிருந்தது. எல்வியோ நேரே சமையலறைக்குப் போனான். மிச்சமிருந்த பூண்டில் ஒரு முழுத் தலையை எடுத்து, உரித்து, பச்சையாகவே மென்று விழுங்கினான். காது சிவந்தது, விக்கல் வந்தது. திரும்பி வந்து மாமனார் முகத்துக்கு நேரே வாயைத் திறந்து ஊதினான்.

தின்ற மூக்கையும் துளைத்த அந்தப் பச்சைப் பூண்டு வாடையில் தோன் ரெய்னால்தோ கண்ணை மூடினார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க மாப்ளே," என்றார். "கொஞ்சம் தள்ளி."