கௌபாய் டாக்டரம்மா

“இன்னும் கொஞ்சம் பெருசாத் திறங்க தம்பி” என்று ஈறில் ஊசியை இறக்கிவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார் டாக்டரம்மா. தாடை மரத்துப்போகச் சிறிது நேரம் ஆகும். அந்த நேரம் முழுவதும் குதிரைகளுக்கு.

ஊரெல்லாம் ஒரு காலத்தில் சக்கைப்போடு போட்ட கறுப்பு வெள்ளை கௌபாய் படம் ஒன்றை இப்போது வண்ணத்தில் புதிதாக எடுத்திருக்கிறார்கள். பாலைவனத்தில் ஒரு விதவை. அவளிடம் ஒரு கிணறு. அதைப் பிடுங்க வரும் ஒரு கூட்டம். கதை அவ்வளவுதான். இதை என்னிடம் சொல்லி முடிக்க டாக்டரம்மாவுக்கு ஒரு வேர் சிகிச்சை போதவில்லை. பக்கத்துப் பல்லிலும் சொத்தை இருப்பதாக அவர் சொன்னபோது எனக்குச் சந்தேகமே வந்தது.

கைராசிக்காரர் என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. பல்லைப் பிடுங்கிக் கிண்ணத்தில் போட்ட பிறகும் “எப்போ எடுப்பீங்க?” என்று கேட்டவர்கள் உண்டு. அறுபதை நெருங்குகிறார். குள்ள உருவம், நரையை மறைக்காத குட்டை முடி, நோயாளியின் தோளில் முழங்கையை ஊன்றிக்கொள்ளும் உரிமை. ஆனால் இந்தப் படம் வந்ததிலிருந்து, துளைக்கும் கருவியைக் கொக்கியிலிருந்து உருவுகிற விதமே மாறிவிட்டது. குதிரைகள் ஓடுகிற கட்டத்தைச் சொல்லும்போது காலடியில் இருக்கும் பெடலும் கூடவே ஓடுகிறது. ஓடுவது என் பல்லில். நடுநடுவே கேள்வி வேறு. “அந்த இடத்துல நீங்களா இருந்தா சுட்டிருப்பீங்களா, மாட்டீங்களா?” என்பார், இரண்டு கையும் என் வாய்க்குள் இருக்க. நான் எழுப்பும் எந்தச் சத்தமும் அவர் கணக்கில் ஆமாம்தான்.

இவ்வளவுக்கும் எதிர்க்கட்சி முன்னறையிலேயே உட்கார்ந்திருக்கிறது. தபால் துறையிலிருந்து ஓய்வு பெற்ற கணவர்தான் நோயாளிகளுக்கு நேரம் குறித்துக் கொடுக்கிறவர். பழைய படத்தின் பரம பக்தர். புதியதைக் கண்ணால்கூடப் பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். நடுவில் ஒரு பச்சைத் திரைதான். அதைத் தாண்டி வாதம் போய் வரும்.

“பழைய படத்துல அந்தப் பொம்பள கடைசி வரைக்கும் கதவுக்குப் பின்னாடியே நிக்கிறா. கிணறு அவளோடது, சண்டை மட்டும் எவனோ ஒருத்தன் போடுறான். இதுல அவளே வெளிய வர்றா” என்பது டாக்டரம்மாவின் கட்சி.

“கதவு இடுக்குல அவ பார்க்கிற பார்வையிலதான் படமே இருக்கு. வெளிய வந்துட்டா அப்புறம் என்ன இருக்கு?” என்பது திரைக்கு அந்தப் பக்கத்துக் கட்சி.

டாக்டரம்மா கோபம் வந்தால் குரலை உயர்த்துவதில்லை. பெடலை அழுத்துகிறார்.

வேறு டாக்டரிடம் போகலாமே என்று என் மனைவி கேட்டாள். பாதி வேலை நடந்த பல்லோடு எவரிடம் போய் நிற்பது?

பல்லுக்குக் கேப் போட வேண்டிய வாரத்தில், படத்தைத் தியேட்டரிலிருந்து எடுக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. டாக்டரம்மா கணவருக்கும் சேர்த்து இரண்டு டிக்கெட் வாங்கிவிட்டார். அவர் வர மறுத்தார். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. “அடுத்த ஆளை அனுப்பச் சொல்லுங்க” என்று டாக்டரம்மா என்னிடம் சொல்வார். மரத்த உதட்டோடு நான் போய் அதைக் குழறுவேன். “டீ வேணுமான்னு கேளுங்க” என்று கணவர் என்னைத் திருப்பி அனுப்புவார். காசு கொடுத்துப் பல்லைக் காட்ட வந்தவன் தூது போய்க்கொண்டிருந்தேன்.

கடைசிக் காட்சி அன்று காலையில் டாக்டரம்மாவே போன் செய்தார். மாலையில் கிளினிக் இல்லையாம். வலிக்கிறது என்றேன்.

“பல்லு எங்கயும் போயிடாது தம்பி, படம் போயிடும். ஒரு டிக்கெட் சும்மா கிடக்கு, நீங்க வாங்க. படம் விட்டதும் கிளினிக்கைத் திறந்து கேப்பைப் போட்டு விட்டுடுறேன்.”

போனேன். வேறு வழி? பக்கத்து இருக்கையிலிருந்து ஒவ்வொரு காட்சியும் வருவதற்கு முன்பே என் காதில் வந்து விழுந்தது. எவன் சாவான், எந்தக் குதிரை நொண்டும் எல்லாம். முன்வரிசையில் யாரோ இரண்டு தடவை உச்சுக் கொட்டினார்கள். அவர் கவலைப்படவில்லை.

இடைவேளையில், வலி மாத்திரை விழுங்கத் தண்ணீர் வாங்கப் போனேன். தூண் மறைவில் தொப்பியை நெற்றி வரை இழுத்துவிட்டுக்கொண்டு ஒருவர் காபி குடித்துக்கொண்டிருந்தார். முன்னறைக்காரர்தான். என்னைக் கண்டதும் காபி சட்டையில் சிந்தியது.

“அவகிட்ட சொல்லிடாதீங்க. ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவா.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் பல்வலி மறந்துபோனது. நேற்றே மனைவியோடு வந்து பார்த்திருந்தால் நான் இந்நேரம் கேப்போடு வீட்டில் படுத்திருப்பேன். இருந்தாலும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். நன்றாக இருக்கிறதா என்று கேட்டதற்கு, “வளவளன்னு பேசுறாங்க” என்று சொல்லிவிட்டு, மணி அடிப்பதற்கு முன்பே உள்ளே ஓடினார்.

விளக்கு அணைந்தது. எங்களுக்கு மூன்று வரிசை முன்னால், தொப்பியைக் கழற்றிய முன்னறைக்காரரின் வழுக்கைத் தலையைத் திரை வெளிச்சத்தில் கண்டுபிடித்தேன். கூட்டம் கிணற்றைச் சூழ்ந்தது. கதவு திறந்தது. விதவை துப்பாக்கியோடு படி இறங்கினாள். முன்னால் அந்தத் தலை மெல்ல உயர்ந்து, இருக்கையின் நுனிக்கு வந்து, அப்படியே அசையாமல் நின்றது.

அப்போதுதான் உறைத்தது, பக்கத்து இருக்கையிலிருந்து கொஞ்ச நேரமாக ஒரு சத்தமும் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். டாக்டரம்மா திரையைப் பார்க்கவில்லை. மூன்று வரிசை முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். நான் என்னவோ சொல்ல வந்தேன். அவர் என் பக்கம் திரும்பி, உதட்டின் மேல் விரலை வைத்தார்.