இடி இடித்தால் உருவ வேண்டியவை

சூரியநெல்லிக்கு மேலே உள்ள எஸ்டேட்டுகளில் வீடு வேலையோடு வருகிறது. வேலை போனால் வீடும் போகிறது. லயம் என்று சொல்லப்படும் அந்த நீண்ட வரிசை வீடுகளில் ஒன்றில், எஸ்டேட் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படங்களைச் சேமிக்கும் கணினியான சர்வரைப் பார்த்துக்கொண்டவர் மனைவியோடு குடியிருந்தார். ஒரு சித்திரை மாதம், கோடை மழை தொடங்கிய நாட்களில், நெஞ்சுவலி வந்து இறந்துபோனார். எக்ஸ்ரே அறையில் அவர் பார்த்த தற்காலிக வேலையை அவர் மனைவிக்குக் கொடுத்தார்கள். வீடு தப்பியது. பிறகு சர்வர் படுத்த ஆரம்பித்தது.

எனக்கு உடுமலைக்கு மேற்கே, சித்தூரில் கணினி பழுது பார்க்கும் சிறிய கடை. அந்த ஆஸ்பத்திரிக்குப் பல வருடங்களாக நான்தான் ஆள். பெரும்பாலும் இங்கிருந்தபடியே இணையம் வழியாகப் பார்ப்பேன். இறந்தவரும் நானும் நேரில் சந்தித்தது குறைவு, தொலைபேசியில் பேசியது மிக அதிகம். வேலை முடிந்த பிறகும் பேச்சு முடியாது. பள்ளிவாசல் பக்கம் மண் சரிந்ததையும் தன் பல்வலியையும் ஒரே குரலில் சொல்லுவார்.

சர்வரின் கோளாறு இதுதான். கணினி எழும்போது முதலில் ஏறி உட்கார்ந்து மற்ற எல்லாவற்றையும் ஓட்டுகிற அடிப்படை நிரலுக்குக் கெர்னல் என்று பெயர். இந்த சர்வரில் பழையது ஒன்றும் புதியது ஒன்றுமாக இரண்டு கெர்னல்கள் இருந்தன. எக்ஸ்ரே கருவியை இணைக்கும் அட்டை புதிய கெர்னலுக்குத்தான் கட்டுப்படும். பழையதில் எழுந்தால் அந்த அட்டை இருப்பதே சர்வருக்குத் தெரியாது. படம் எடுக்க முடியாது. கை முறிந்தவர்களை ஜீப்பில் ஏற்றி மூணாறுக்கு அனுப்ப வேண்டும். அவர் போன பிறகு, சர்வர் சில நாட்களில் பழையதில் எழுந்தது, சில நாட்களில் புதியதில்.

பழையதில் எழுந்த ஒவ்வொரு முறையும் அவர் மனைவி கூப்பிடுவார்.

"அண்ணே, இன்னைக்கும் பழசுதான் வந்திருக்கு."

"முறையா நிறுத்திட்டுத்தான போனீங்க அம்மிணி?"

"அவுக சொல்லிக்குடுத்தாப்புலதாண்ணே செஞ்சேன்."

எழும்போது எந்தக் கெர்னல் என்று சொல்லும் பட்டியலைத் திறந்து, புதியதை முதலில் வைத்து, சேமித்து, மறுபடி திறந்து சரிபார்ப்பேன். எல்லாம் எழுதியபடியே இருக்கும். நிறுத்தி எழுப்பினால் மறுபடியும் பழையது. அடுத்த நாள் நான் எதையும் தொடாமலே புதியதில் எழுந்து நிற்கும். மின்வெட்டு என்று நினைத்தேன். தாய்ப்பலகையில் அமைப்புகளை நினைவில் வைத்திருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்திருக்கும் என்று நினைத்து, வைகாசியில் ஒரு முறை போய் மாற்றிவிட்டும் வந்தேன். ஆனி, ஆடி முழுதும் மின்சாரம் போகாத நாளே இல்லை. ஆனால் அந்த மழை நாட்களில் சர்வர் ஒரு தவறும் செய்யவில்லை. பேட்டரிதான் காரணம் என்று என் நாட்குறிப்பில் எழுதி, அடிக்கோடும் இட்டேன். ஐப்பசியில் கோளாறு திரும்பி வந்தது.

இம்முறை கூப்பிட்டபோது அவர் மனைவியின் குரல் வேறு மாதிரி இருந்தது. "ஹெட் ஆபீஸ்ல இருந்து வந்து பாத்துட்டுப் போனாகண்ணே. இப்படியே இருந்தா இங்க எக்ஸ்ரேயை மூடிருவாகளாம். மூடுனா என் வேலை போயிரும். வேலை போனா வீட்டுச் சாவியைக் குடுக்கணும்."

மறுநாள் விடியும் முன் கிளம்பினேன். உடுமலை, மறையூர், மூணாறு என்று பேருந்து மாறி மாறிப் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் கம்பவுண்டர் வாசலிலேயே இருந்தார்.

"வாங்க, வாங்க. மெஷினைக் கும்பிட வந்தீகளா, பாக்க வந்தீகளா?"

"பாத்துட்டுத்தானுங்க கும்பிடோணும்."

"நீங்க போடுற 'ங்க'வுக்கெல்லாம் அது அசையாது. நாலு அடி போடுங்க."

இறந்தவரின் மனைவி சிரிக்கவில்லை. எக்ஸ்ரே அறையின் பக்கத்து அறையில் எனக்கு நாற்காலி போட்டார். அறை துடைத்த துடைப்பில் பளிச்சென்று இருந்தது. சர்வரின் மேல் அவர் கணவர் போட்டிருந்த அதே பூப்போட்ட துணி, துவைத்து மடித்து. நான் சர்வரை நிறுத்தினேன், எழுப்பினேன். புதிய கெர்னல். மறுபடி நிறுத்தி எழுப்பினேன். புதியது. மின்சாரத்தைச் சட்டென்று துண்டித்தும் பார்த்தேன். புதியதேதான். கோளாறைக் காட்ட மறுக்கும் கோளாறைவிட மோசமானது என் தொழிலில் இல்லை. அவர் கதவருகே நின்று திரையையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிற்பகலில் கொழுக்குமலைப் பக்கம் வானம் கறுத்தது. தூரத்தில் முதல் இடி உருண்டது. அவர் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"எந்திரிங்கண்ணே, இடி வருது."

மலையில் இது எல்லோரும் செய்வது. இடி கேட்டால் டிவி, மிக்ஸி, டிஷ் ஒயர், சார்ஜர் எல்லாவற்றையும் உருவிவிடுவார்கள். உருவாதவர்கள் வீட்டில் ஒன்றாவது கருகியிருக்கும். அவர் சர்வரை முறைப்படி நிறுத்தினார். நான் குறை சொல்ல அதில் ஒன்றுமில்லை. மின்கம்பியை உருவினார், இணையக் கம்பியை உருவினார். பிறகு சர்வரின் முன்மூடியைத் திறந்து, உள்ளே பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு ஹார்டு டிஸ்க்குகளையும் அவற்றின் தட்டோடு வெளியே இழுத்தார். ஈரிழைத் துண்டில் இரண்டையும் சேர்த்துச் சுற்றி, மர அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்தினார்.

நான் அந்த அலமாரிக் கதவையே பார்த்தேன்.

"அவுக இப்படித்தாண்ணே செய்வாக. ஒரு தடவை இடி விழுந்து ஒண்ணு போயிருச்சுல்ல, அதுலேருந்து."

அது எனக்கும் தெரிந்த இடிதான். அந்த வருடம் கருகிய டிஸ்க்குக்குப் பதிலாகப் புதியதை அனுப்பியவன் நானே. ஆனால் அதன் பிறகு ஒவ்வொரு இடிக்கும் டிஸ்க்குகளை உருவிப் பத்திரப்படுத்தியதாக அவர் கணவர் என்னிடம் சொன்னதில்லை. குடை பிடித்து நடந்ததை யார் சொல்லுவார்கள்? நானும் கேட்டதில்லை. என் நாட்குறிப்பில் எல்லா நாட்களின் வானிலையும் இருக்கிறது. எல்லாம் சித்தூர் வானிலை.

மழை விட்டதும் அவர் மனைவி துண்டைப் பிரித்து, கைக்கு வந்ததை இடப்பக்கமும் அடுத்ததை வலப்பக்கமும் செருகினார். சர்வர் பழைய கெர்னலில் எழுந்தது.

அவ்வளவுதான் விஷயம். நோயாளிகளின் படங்கள் இரண்டு டிஸ்க்குகளிலும் ஒன்றுபோலவே பதிவாகும். அதற்கு இடம் வலம் கிடையாது. ஆனால் எந்தக் கெர்னல் என்று சொல்லும் பட்டியல் ஒவ்வொரு டிஸ்க்கிலும் தனித்தனியாக இருந்தது. நான் அனுப்பிய புதிய டிஸ்க்கின் பட்டியலை மட்டும்தான் நாங்கள் திருத்தி வந்தோம். பழைய டிஸ்க்கில் இருந்தது, முதல்முதலில் நிறுவியபோது எழுதியது. அதை யாரும் தொடவே இல்லை. சர்வர் எழும்போது இடப்பக்கத் தட்டில் எது இருக்கிறதோ அதைப் படிக்கும். அவர் கணவரின் கைக்கு இடப்பக்கம் எது என்று தெரிந்திருந்தது. இடி இல்லாத ஆனி, ஆடி மழையில் யாரும் எதையும் உருவவில்லை. நான் இத்தனை நாளும் ஒரு கதவில் எழுதி எழுதி ஒட்டிக்கொண்டிருந்தேன். சர்வர் வேறு கதவைத் திறந்து உள்ளே போய்க்கொண்டிருந்தது.

இடம் மாற்றிச் செருகிக் காட்டினேன். புதியது வந்தது. அவருக்கு உடனே புரிந்துவிட்டது.

"அப்ப நான் செஞ்சதுதானா?"

"இல்லீங்க. ரெண்டு டிஸ்க்குலயும் ஒரே பட்டியலா எழுதி வெச்சிருந்தா, எப்படிச் செருகுனாலும் சரியாத்தான் வந்திருக்கும்."

அவர் கொஞ்ச நேரம் அந்தத் தட்டுகளையே பார்த்தார்.

"எழுதி வைக்காதது அவுகதான?"

நான் விசைப்பலகையை என் பக்கம் இழுத்தேன். ஆமாம் என்பதுதான் சரியான பதில். நானும் பார்த்திருக்க வேண்டும் என்பது அதோடு சேர்ந்த பதில்.

"ஜீப்புல ஏத்தினப்ப அவுகளால மூச்சே விட முடியல. கையைப் பிடிச்சு இழுத்துச் சொன்னாக, வானம் இருட்டுது, டிஸ்க்கை உருவி எடுத்து வையின்னு. வேற ஒண்ணும் சொல்லல. நான் இறங்கி ஓடியாந்து உருவி வச்சிட்டுத்தான் மறுபடி ஏறுனேன். அதுக்கப்புறம் ஒரு இடிக்குக்கூட நான் விட்டதில்லண்ணே."

கம்பவுண்டர் வாசலில் வந்து நின்றிருந்தார். அப்படியே திரும்பிப் போனார்.

பழைய டிஸ்க்கிலும் புதிய பட்டியலை எழுதினேன். இனி ஒன்றில் மாற்றினால் மற்றதிலும் தானே மாறும்படி அமைத்தேன். தட்டுகளை எல்லா விதத்திலும் மாற்றிச் செருகிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் புதிய கெர்னலே வந்தது. ஹெட் ஆபீஸுக்கு என்ன காரணம் என்று எழுத வேண்டும். எழுத உட்கார்ந்தபோது அவர் டீ கொண்டுவந்து வைத்தார்.

"நான் மாத்திச் செருகிட்டேன்னே எழுதிக்கங்கண்ணே. அவுக பேரு அதுல வர வேண்டாம்."

"உங்க வேலைக்குக் கேடு வருமுங்க அம்மிணி."

"வந்தா வரட்டும். அவுக ஒண்ணைச் செஞ்சா சரியாத்தான் இருக்கும்னு இந்த லயம் பூராச் சொல்லும். எனக்குன்னு மிச்சம் இருக்கது அது ஒண்ணுதான்."

இரண்டு டிஸ்க்குகளின் துவக்கப் பட்டியல்கள் வேறுபட்டிருந்தன, இப்போது ஒன்றாக்கப்பட்டன, இனி இந்தக் கோளாறு வராது என்று மட்டும் எழுதி அனுப்பினேன். யார் பெயரும் இல்லை. ஒவ்வொரு சொல்லும் உண்மை. வீட்டைக் காப்பாற்ற அது போதும் என்று நம்பித்தான் மறுநாள் பேருந்தில் மலையிறங்கினேன்.

ஹெட் ஆபீஸின் பதில் அடுத்த வாரம் எனக்கும் வந்தது. மரியாதையான கடிதம். இயந்திரங்கள் நம்பகமாக ஓடுகின்றன என்று தெரிந்ததால், நோயாளிகள் அதிகம் வரும், மலைக்குக் கீழேயுள்ள தங்கள் இன்னொரு ஆஸ்பத்திரிக்கு எக்ஸ்ரே கருவியையும் சர்வரையும் மாற்றத் தீர்மானித்திருக்கிறார்கள். கெட்டுக்கிடந்தால் மூடுவதாக இருந்தார்கள், சரியானதும் எடுத்துக்கொண்டார்கள். மேலே அந்த வேலை இனி இல்லை. நான் இரண்டு முறை தொலைபேசியில் பேசிப் பார்த்தேன். உங்கள் அறிக்கை மிகத் தெளிவாக இருந்தது என்று பாராட்டினார்கள்.

கார்த்திகை தொடக்கத்தில் ஒரு பிற்பகல் அவர் கூப்பிட்டார். பின்னால் பாத்திரங்கள் மோதும் சத்தம்.

"அண்ணே, காலையில வண்டி வந்து எல்லாத்தையும் ஏத்திட்டுப் போச்சு. தட்டுல இடது, வலதுன்னு எழுதி ஒட்டி விட்டிருக்கேன்."

"இனி அது வேண்டியதில்லீங்க. எப்படிச் செருகுனாலும் வரும்."

"தெரியும்ணே. இருக்கட்டும்."

வீட்டைக் காலி செய்துகொண்டிருப்பதாகச் சொன்னார். போடியில் அக்கா வீட்டுக்குப் போகிறார். ஏலக்காய் தரம் பிரிக்கும் இடத்தில் அவருக்காக அக்கா வீட்டார் வேலை கேட்டிருக்கிறார்கள். சாவியைக் கம்பவுண்டரிடம் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறார்களாம். அப்போது அவர் பக்கத்தில் ஏதோ உருண்டது எனக்கும் கேட்டது.

"இடி இடிக்குதுங்களா அங்க?"

"இடிக்குதுண்ணே. முதல் சத்தத்துக்கே எந்திரிச்சிட்டேன். வெறும் அறைக்குள்ள நின்னுக்கிட்டிருக்கேன்."

பிறகு மழை பிடித்துக்கொண்டது. ஒன்றும் கேட்கவில்லை, கீழே போய்ப் பேசுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டார்.