பக்கத்து மாடிக்குக் கேட்ட சத்தம்

போன வருஷம் கத்திரி வெயில் நேரம். தலைப்பிரசவத்துக்காக செஞ்சியில் இருக்கும் அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். பெண் குழந்தை பிறந்து ஒரு மாசம்கூட ஆகவில்லை. எங்க ஊர் வெயிலைக் கேட்கவே வேண்டாம். பகலெல்லாம் காய்ந்த மலைப்பாறை, பொழுது சாய்ந்த பிறகும் அனலடிக்கும். பேத்தி உடம்பெல்லாம் வேர்க்குருவைப் பார்த்துத் தாங்க முடியாமல், எங்க நைனா பழைய ஏசி ஒன்றை வாங்கி மாட்டிவிட்டார்.

கொஞ்ச நாளிலேயே மாடியில் வைத்த அதன் வெளிப்பெட்டி கடகடவென்று ஆட ஆரம்பித்தது. மெக்கானிக்கைக் கூப்பிடலாம் என்றால், "ஜில்லுனு காத்து வருதா இல்லியா? அப்புறம் இன்னா டென்ஷன் உனக்கு? குரங்கு ஏறி குதிச்சிருக்கும்" என்பார். அவர் பயமே வேறு. மெக்கானிக் வந்தால் கழற்றிப் போட்டுவிட்டு, பார்ட்ஸ் வரணும் என்று போய்விடுவானாம். அதுக்குள் குழந்தை வெந்து போகுமாம்! அதனால் அவரே மாடிக்குப் போய், பெட்டிக்கு அடியில் அட்டையை மடித்துச் சொருகிவிட்டு வந்தார். கதவைச் சாத்தினால் எங்களுக்கு ஒன்றும் கேட்காது. மனுஷனுக்கு அதில் அவ்வளவு பெருமை.

ஒருநாள் காலையில் மீட்டர் போர்டில் ஏசியின் ட்ரிப் சுவிட்ச் தானாகவே கீழே விழுந்து, ஏசி நின்றது. நைனா தூக்கிவிட்டார். மறுபடி விழுந்தது. மறுபடியும் தூக்கிவிட்டு, அவர் பாட்டுக்குக் கடைக்குப் போய்விட்டார். மத்தியானம் யாரோ கதவை உடைக்கிற மாதிரி தட்டினார்கள். பக்கத்து வீட்டு அக்கா. எங்க பெட்டி அவங்க மாடியைப் பார்த்துத்தான் இருக்கிறது. அவங்க வீட்டில் ஏசி கிடையாது. வெயில் காலம் முழுக்க எல்லோரும் மாடியில்தான் படுப்பார்கள்.

"ஏசிய மொதல்ல நிறுத்துங்க!" என்றார், மூச்சு வாங்க.

சண்டைக்குத்தான் வந்துவிட்டார் என்று எங்க அம்மாவுக்குச் சுருக்கென்று கோபம். "பச்சப்புள்ள இருக்குது, கொஞ்சம் அனுசரிச்சிக்கக் கூடாதா?" என்றுவிட்டார்.

"ஐயோ, அதுக்கு வரலக்கா! தெனமும் கடகடன்னுதான் ஓடும். இன்னிக்கு கொர்ருனு வேற மாதிரி இரையுது. துணி எடுக்கப் போனேன், கரிஞ்ச வாடை அடிக்குது."

அம்மா மெயினையே அணைத்தார். அந்த அக்கா குழந்தையை வாங்கிக்கொண்டு போய், தன் வீட்டுத் தூளியில் போட்டார்.

சாயங்காலம் மெக்கானிக் வந்து பெட்டியைத் திறந்தார். ஆடி ஆடி ஒயர் தகட்டில் உரசி, மேல்தோல் போய், கருகிக் கிடந்தது. நைனா சொருகிய அட்டையின் ஓரமும் கருகியிருந்தது. "நல்ல வேளை சார், இது பத்திக்கல. சத்தம் மாறினாலோ, வாடை வந்தாலோ, சுவிட்ச் விழுந்தாலோ நிறுத்திட்டு எங்களக் கூப்பிடணும். தூக்கித் தூக்கி வுடக்கூடாது" என்றார். நைனா அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பாவமாக இருந்தது.

ஒயரைச் சரிசெய்து, பெட்டியை ஆடாதபடி முடுக்கியதோடு வேலை சீக்கிரமே முடிந்தது. பார்ட்ஸும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். வெந்து போயிருக்க வேண்டிய எங்க மகராணியோ, பக்கத்து வீட்டுத் தூளியில் ஃபேன் காற்றிலேயே சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்!

குழந்தையை வாங்கப் போன நைனா, "இத்தினி நாளா தலமாட்டுல அந்தச் சத்தத்த வெச்சிக்கினு எப்படிம்மா தூங்கினீங்க? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே" என்று கேட்டார்.

"எங்க தூங்கினோம்?" என்று சிரித்தார் அந்த அக்கா. "சொன்னா ஏசிய நிறுத்திடுவீங்க. புள்ள தூங்கட்டும்னு வுட்டுட்டேண்ணா."

இப்போதெல்லாம் ஏசியைப் போட்டதும் நைனா மாடிக்குப் போய், அவங்க சுவர் ஓரமாக நின்று காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் வருகிறார். என் மகள் நிம்மதியாகத் தூங்குவதைப் பார்க்கும்போதெல்லாம், அவளுக்காகத் தன் தூக்கத்தை விட்டுக்கொடுத்துவிட்டு வாயே திறக்காமல் இருந்த அந்த அக்காவை நினைத்து மனசு நிறைந்துவிடுகிறது.