ஐம்பதுக்குப் போ என்றால் ஐம்பத்தொன்று

எங்கள் கம்ப்யூட்டர் வாத்தியார் எங்களுக்குத் தப்பாகச் சொல்லிக்கொடுத்தார். தப்பு என்று தெரிந்தும் பதினெட்டுப் பேர் எதிரில் அதையே சாதித்தார். திருவண்ணாமலையில் என்னோடு எம்.எஸ்ஸி. பௌதிகம் படித்தவர்களுக்கு அவர் யார் என்று தெரியும். அவருக்கும் தெரியும்.

நான் அமெரிக்கா வந்து இரண்டு வருஷமாகிறது. இன்னும் பழகாத ஒன்று உண்டு. காலை வகுப்பில் புரொபசர் போர்டில் எழுதிக்கொண்டிருப்பார். எதிர் நாற்காலி மேல் காலைப் போட்டிருக்கும் ஒருத்தி, "அது தப்பு" என்பாள். நான் குனிந்து நோட்டைப் புரட்டுவேன். அவர், "ஆமாம், தப்பு" என்று வெறுங்கையால் அழித்துவிட்டு மேலே எழுதுவார். யாரும் அவரை மதிக்காமல் போகவில்லை. இதைச் சொல்லி இந்த ஊரைப் புகழ நான் வரவில்லை. இதே மனுஷர்தான் என்னை இரக்கத்தால் அடித்தார்.

இங்கே ஒரு சின்னக் கம்ப்யூட்டரை நாமே ஒயர் ஒயராகக் கட்டவேண்டும். கட்டளைகள் எண் வரிசையில் அதன் நினைவகத்தில் இருக்கும். அடுத்து எந்த எண்ணைப் படிப்பது என்று காட்ட ஒரு கவுண்டர் உண்டு. கட்டளையைச் செய்து முடித்த பிறகு கவுண்டரில் ஒன்று கூட்டவேண்டும் என்பது எங்கள் சார் கொடுத்த நோட்ஸ். அப்படியே கட்டினேன். கூட்டல் கழித்தல் எல்லாம் வந்தது. 'ஐம்பதுக்குப் போ' என்றால் மட்டும் ஐம்பத்தொன்றுக்குப் போனது. மூன்று நாள் ஒவ்வொரு ஒயராகப் பிடுங்கிப் பார்த்தேன். கடைசியில் புரொபசர் வந்தார்.

"இப்படி யார் சொன்னது?"

"எங்க சார்."

"நீ சரிபார்க்கலையா?"

"சார் சொன்னாரு."

நான் பதில் சொல்லிவிட்டதாக நினைத்தேன். அவர் பதிலுக்காக இன்னும் காத்துக்கொண்டிருந்தார். பிறகு மற்றவர்களிடம், "அங்கே மனப்பாடம்தான் பண்ணுவாங்க, இவர் மேல தப்பில்லை" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எங்க ஊர்ல ஒருத்தன் மிஷினையே பார்க்காம இதைக் கண்டுபிடிச்சான்" என்று கத்தினேன். அவருக்கு எங்கள் மலையைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். "தியானத்திலா?" என்று பயபக்தியோடு கேட்டார். "இல்லை, கடைசி பெஞ்சில்" என்றேன்.

அந்த ஒருத்தன் ஜினராஜ். போளூர்ப் பக்கத்து ஜைன நயினார் குடும்பம், பொழுது சாய்ந்தால் சாப்பிடாதவர்கள்; அப்பா விவசாயி. கல்லூரியில் அப்போது கம்ப்யூட்டர் கிடையாது. எல்லாம் டிக்டேஷன்தான். நோட்ஸ் எழுதிக்கொண்டிருந்தவன் எழுந்து, "சார், அம்பதுக்குப் போன்னு சொன்னா, போய் முடிஞ்சப்புறம் ஒண்ணு கூடிடுமே, அம்பத்தொண்ணுல்ல வரும்? படிச்ச ஒடனே கூட்டிட்டா சரியா வருது" என்றான்.

சார் சாக்பீஸை வைத்துவிட்டு, "நயினாரே, பொழுது சாயறதுக்குள்ள சாப்ட்டுட்டுப் படுத்துடுறீங்க, வயிறு காஞ்சி மூளை ஜாஸ்தியா ஓடுதா? கம்ப்யூட்டர்னா உங்க ஊரு நெல்லு மிஷின்னு நெனச்சிக்கினியா? நோட்ஸ்ல இன்னா இருக்குதோ அத எழுது" என்றார். வகுப்பே சிரித்தது. "உக்காருடா, அம்பத்தொண்ணு" என்று ஒரு குரல் வந்தது. படிப்பு முடியும் வரை அதுவே அவன் பெயர். அந்தக் குரல் என்னுடையது.

டெஸ்டில் அவன் தன் கணக்குப்படியே எழுதினான். சுழி. நான் நோட்ஸை எழுதினேன். முழு மார்க். அமெரிக்காவுக்கு விண்ணப்பிக்க சார் எனக்கு சிபாரிசுக் கடிதம் கொடுத்தார், அவனுக்கு மறுத்தார். இப்போது அவன் செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்களின் டேப் ரிக்கார்டர்களை ரிப்பேர் பண்ணுகிறான்.

ஒயரைப் பிடுங்கி மாற்றிக் கட்டிய அன்றே சாருக்கு எழுதினேன். பதில் வந்தது. "ஜினராஜ் கூறியது சரியே. அன்றே எனக்குத் தெரியும். வகுப்பில் ஒப்புக்கொண்டால் நாளைக்கு எவன் மதிப்பான்? பழையதைக் கிளற வேண்டாம். வரும்போது ஒரு கால்குலேட்டர் வாங்கி வரவும்."

சார் இப்படி எழுதி ஒரு மாதம்கூட ஆகவில்லை. மேல்படிப்புக்கு மறுபடி விண்ணப்பிக்கலாம் என்று ஜினராஜ் அவரிடம் கடிதம் கேட்கப் போயிருக்கிறான். "நோட்ஸே ஒழுங்கா எழுதாதவனுக்கு நான் எப்பிட்றா கையெழுத்து போடறது?" என்று அனுப்பிவிட்டார். "உட்றா, அவரு சொல்றதும் நாயம்தானே" என்று எனக்கு எழுதியிருக்கிறான். அதைப் படித்துத்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

எனக்கு அலுத்துவிட்டது சார். இங்கே ஆங்கிலத்தில் உங்களுக்காகச் சண்டை போடுகிறேன். ரூமுக்கு வந்து தமிழில் உங்களோடு சண்டை போடுகிறேன். எந்தப் பக்கம் நின்றாலும் எதிர்ப்பக்கத்து ஆளாகத்தான் தெரிகிறேன். இந்தப் பத்திரிகை உங்கள் ஸ்டாஃப் ரூமுக்கு வருகிறது. எனக்குத் தனியாகக் கடிதம் வேண்டாம். பதினெட்டுப் பேர் எதிரில் சொன்னதற்கு எல்லோரும் படிக்கிற இடத்தில் பதில் சொல்லுங்கள். உங்கள் பெயரைப் போட்டு, இதே பக்கத்தில்: ஜினராஜ் எழுதியது சரியா, தப்பா?