ஐப்பசி ஆட்டமும் டை கட்டிய கொடும்பாவியும்

இந்தியா ஆடுகிற பெரிய கிரிக்கெட் ஆட்டங்களை உத்திரமேரூர் பக்கம் பெருநகர் கிராமத்து வேதகிரி திரும்பியும் பார்க்கமாட்டார். அதற்குத்தான் ஊரே டிவி முன்னால் கிடக்கிறதே! அவருக்கு வேண்டியது மாநில அணிகள் மோதுகிற ரஞ்சி ஆட்டம். தை அறுவடை முடிந்ததும் புளிசாதம் கட்டிக்கொண்டு சேப்பாக்கத்துக்கு பஸ் ஏறிவிடுவார். அத்தனை பெரிய மைதானத்தில் அவரும் சில காக்காய்களும்தான். ஒருநாள் அவர் கண்ணயர்ந்துவிட்டபோது, எழுப்பக்கூடாதென்று ஆட்டக்காரர்கள் அவுட் கேட்கும்போதுகூடக் கிசுகிசுத்தார்களாம்.

இரண்டாயிரத்து இரண்டாம் வருஷம், சலூனில் பாதி முகம் நுரையோடு பேப்பர் படித்தவர் துள்ளி எழுந்தார். மாசியில் நடக்கிற ஆட்டங்களை ஐப்பசிக்கு மாற்ற ஏதோ கமிட்டி யோசிக்கிறதாம். பரீட்சித்துப் பார்க்க இந்த ஐப்பசியில் சேப்பாக்கத்தில் ஓர் ஆட்டம். நல்லபடி நடந்தால் இனி எப்போதும் ஐப்பசிதான்.

ஐப்பசி நடவுக் காலம். நடவை விட்டுவிட்டு எந்தக் குடியானவன் சேப்பாக்கம் போவான்? பாதி சவரத்தோடு வீட்டுக்கு ஓடினார்.

"ஐப்பசில மழ கொட்டும்னு கூடவா தெரியாது அவனுங்களுக்கு? பேஜாரு புடிச்ச கமிட்டி!"

"மொதல்ல மீதி மூஞ்சியச் செரைச்சிக்கினு வாய்யா" என்றாள் மனைவி ராணியம்மாள்.

ஆனால் அந்த வருஷம் ஐப்பசி பிறந்தும் வானத்தில் ஒரு மேகம் இல்லை. நாற்றங்கால் வாடியது. கொடும்பாவி இழுத்தால்தான் மழை வரும் என்றது ஊர். வைக்கோலில் ஒரு மனிதனைச் செய்து, பிணம்போலத் தெருத்தெருவாக இழுத்து, பெண்கள் ஒப்பாரி வைத்து, சுடுகாட்டில் கொளுத்த வேண்டும். பார்த்து மனம் தாங்காமல் வானமும் அழுதுவிடும் என்பது கணக்கு.

மழை வந்தால் பயிர் பிழைக்கும். அந்த வாரமே சேப்பாக்கத்தில் நடக்கிற பரீட்சை ஆட்டமும் கெடும். வேதகிரி முந்திக்கொண்டார்.

"பொம்மைய நான் கட்றேன்."

கட்டினார். காலுக்குப் பனைமட்டையில் பேடு, கழுத்துக்குக் கோவணத் துணியில் டை. கீழே பார்த்தால் ஆட்டக்காரர், மேலே பார்த்தால் கமிட்டி.

"இன்னாண்ணா இது, செத்தவன் இஸ்கூலுக்குக் கெளம்பிக்கினு கீறான்?" என்றாள் நடவுப் பெண்களுக்குத் தலைவியான அம்முலு.

"கமிட்டிம்மா. அத்தச் சொல்லியே அழு."

அம்முலு மாரில் அடித்துக்கொண்டாள். "ஐப்பசியில ஆட்டம் வெச்ச பாவி, ஒன் பேட்டு முறிய, ஒன் குச்சி மூணும் சாய!" பெண்கள் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். கொள்ளிச்சட்டியோடு முன்னால் போன வேதகிரியின் அழுகை மட்டும் நிஜ அழுகை.

சுடுகாடு சேர்வதற்குள் வானம் உடைந்தது. கொள்ளி அணைந்தது. கொளுத்த வழியில்லாமல் பொம்மையை வேதகிரியின் மாட்டுக்கொட்டகையில் போட்டுவிட்டு ஓடினார்கள். ஏரி நிரம்பி, கெண்டை மீன்கள் பஸ் ஸ்டாப்புவரை வந்து, பஸ் இல்லையென்று திரும்பிப் போயின.

"ஒழிஞ்சிது ஆட்டம்!" என்று வேதகிரி குதித்தார்.

மறுநாள் பேப்பரைப் பிரித்தால், சேப்பாக்கத்தில் சுள்ளென்று வெயில். மழை உத்திரமேரூர் எல்லையைத் தாண்டவேயில்லை. ஆட்டம் ஜோர், கமிட்டிக்குப் பரம திருப்தி.

"அங்க இட்டுக்கினு போய் இழுத்திருக்கணும்" என்றாள் ராணியம்மாள்.

அடுத்த ஐப்பசி வந்தது. வயலில் நடவு, சேப்பாக்கத்தில் ஆட்டம். வேதகிரிக்குச் சோறு இறங்கவில்லை. விடியுமுன் எழுந்து, கொட்டகையில் கிடந்த பொம்மைக்குத் தன் லுங்கியையும் சட்டையையும் மாட்டி, தலைப்பாகை கட்டி, கையில் குடையைச் சொருகி, வரப்பில் நிறுத்திவிட்டு முதல் பஸ்ஸில் ஏறிவிட்டார்.

பொழுது சாய்ந்ததும் பூனைபோல வந்து வயலை எட்டிப் பார்த்தார். அன்றைய பங்கு நட்டாகிவிட்டது; நாற்று நூல் பிடித்த மாதிரி நின்றது. வீட்டுக்குப் போனார்.

"ராணி, யாருனா கண்டுக்கினாங்களா?"

"அம்முலு கண்டுக்கினா. நாஷ்டா நேரம் வரைக்கும் நீ ஒரு திட்டு திட்டலியாம். அண்ணனுக்கு ஒடம்பு சரியில்ல போல கீதுன்னு கிட்டப் போய்ப் பாத்துகீறா."

"கோச்சிக்கினாளா?"

"எதுக்கு? நாளைக்கும் அத்தையே அனுப்பச் சொல்லிட்டுப் போறா. நீ நின்னா நாத்து கோணிக்கினு பூடுதாம்."

"அப்ப நாளைக்கும் நான் ஆட்டத்துக்குப் போவலாமா?"

"ஆட்டத்த நடவு நாள்ல வெச்சது அந்தக் கமிட்டிதானேய்யா? அதே நின்னு நடவப் பாக்கட்டும்" என்ற ராணியம்மாள், மறுநாளைக்குப் புளியை ஊறப்போட்டாள்.