தண்ணீர் வந்த நேரத்தில் வந்த நிதி அதிகாரி

நீலசந்திராவில் ஒரு மாவு மில்லுக்கு மேலே இருந்த அறையில்தான் எங்கள் கிளினிக் நடந்தது. ஒரு மேசை, ஒரு கட்டில், சுவரோரம் ஒரு நீள பெஞ்சு, கொஞ்சம் பிளாஸ்டிக் நாற்காலிகள், அவ்வளவுதான். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் மட்டும் பார்ப்போம். வீட்டு வேலை முடித்து வரும் பெண்கள், கார்மெண்ட்ஸ் விட்டு வருகிறவர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள் என்று சாயங்காலம்தான் கூட்டம் சேரும். கீழே மில் ஓடினால் தரை அதிரும். டாக்டருக்கு ஸ்டெதாஸ்கோப்பில் ஒன்றும் கேட்காது. ஜன்னலில் தலையை நீட்டி, "அண்ணா, ஒந்து நிமிஷம்!" என்று கத்துவார். மில்காரர் நிறுத்துவார். கையில் பட்டையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் மூச்சைக்கூட அடக்கிக்கொள்வார். "நீ மூச்சு விடும்மா, மில்தான் நிக்கணும்" என்பார் டாக்டர்.

அரசு மருத்துவமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அம்மா அவர். வீட்டில் கன்னடம்; நோயாளிகளிடம் கற்றுக்கொண்டது தமிழ். மருந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று வீடு வீடாகப் போய்ப் பார்க்க இரண்டு பெண்கள் இருந்தார்கள். அதில் மூத்தவரை எல்லோரும் அக்கா என்போம். அந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவர். ஒரே வாக்கியத்தைத் தமிழில் தொடங்கிக் கன்னடத்தில் முடிப்பார். நான் குடியாத்தத்திலிருந்து வேலை தேடி வந்தவள். கிளினிக்குக்கு நிதி தேடுவது என் பொறுப்பு.

அதுவரை டாக்டரின் பழைய நண்பர்கள் கொடுத்ததில் வண்டி ஓடியது. அவர்களில் சிலர் பிள்ளைகளோடு வெளிநாடு போனார்கள், சிலர் போய்ச் சேர்ந்தார்கள். எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனி சமூகப் பணிகளுக்கு நிதி தருகிறது என்று கேள்விப்பட்டு விண்ணப்பித்தேன். நேரில் வந்து பார்க்க ஓர் அதிகாரியை அனுப்புவதாகப் பதில் வந்தது. அக்கா வீடு வீடாகப் போய், அன்றைக்கு யாரும் வராமல் இருந்துவிடக் கூடாது என்று கண்டித்துவிட்டு வந்தார். "இது என்ன கல்யாணமா, ஆள் சேக்கறதுக்கு?" என்று டாக்டர் முகம் சுளித்தார்.

ஆளும் சேர்ந்தது. பெஞ்சு நிறைந்து படிக்கட்டு வரை உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரி கிளம்பிவிட்டதாகப் போன் வந்தது. அப்போது தெருவில் யாரோ, "தண்ணி வந்துடுச்சு!" என்று குரல் கொடுத்தார்கள். அந்தத் தெருவுக்குக் கார்ப்பரேஷன் தண்ணீர் வருவதற்கு நேரம் காலம் கிடையாது. வந்தால் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். நான் வாசலை மறித்துப் பார்த்தேன். என்னைத் தள்ளிக்கொண்டு இறங்கிப் போனார்கள். கடைசியாகப் போனது அக்காதான். "என் வூட்லயும் கொடம் காலி மேடம்" என்றார், ஓடிக்கொண்டே.

காலியான அறைக்குள் அந்த அதிகாரி வந்தார். முப்பதுகூட ஆகியிருக்காது. கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை, தோளில் லேப்டாப் பை. கரூர்ப் பக்கத்துக்காரர் என்பது வாயைத் திறந்ததும் தெரிந்துவிட்டது.

"பேஷன்ட் ஆருமே இல்லீங்களா?"

"தண்ணி வந்திருக்கு. வருவாங்க" என்றேன். எனக்கே அது சாக்குப் போலத்தான் கேட்டது.

அவர் உட்கார்ந்து நெற்றியைத் துடைத்தார். படி ஏறியதில் மூச்சு வாங்கியது. டாக்டருக்குச் சும்மா உட்கார்ந்திருக்கவே வராது. அவரை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார்.

"வந்ததுக்கு உனக்கு ஒரு பி.பி. பாத்துடறேன். கையை நீட்டு."

"எனக்கெதுக்குங்க டாக்டர், நான் நல்லாத்தானுங்க இருக்கேன்."

"நல்லா இருந்தா நல்லா இருக்குன்னு சொல்லிடறேன். நீட்டு."

பார்த்தார். இன்னொரு கையிலும் பார்த்தார். பிறகு ஜன்னலில் தலையை நீட்டி மில்லை நிறுத்தச் சொல்லி, மறுபடி பார்த்தார். டாக்டர் கருவியைக் கழற்றாமலேயே, "ராத்திரி தூக்கம் எப்படி? தலைவலி வருதா? அப்பாவுக்கு இருக்கா?" என்று விசாரிக்க ஆரம்பித்தார். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாக இருந்ததை அவர் சொன்னபோது, கம்பெனியிலிருந்து வந்த அதிகாரி அங்கே இல்லை. வீட்டை விட்டுத் தூரத்தில், பி.ஜி. விடுதியில் தங்கி, கிடைத்ததைத் தின்கிற பையன்தான் இருந்தான்.

"போய் அந்தக் கட்டில்ல படு. அரை மணி சும்னே இரு. அப்புறம் திரும்பப் பாக்கலாம்."

தண்ணீர் பிடித்துவிட்டுப் பெண்கள் ஈரப் புடவையோடு ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். கட்டிலில் புதிதாக ஓர் ஆள். டாக்டரிடம் கேட்கவில்லை, நேராக அவரிடமே கேட்டுக்கொண்டார்கள். "பி.பி.யா தம்பி? ஊறுகாய உட்டுடு." "ஓட்டல்ல சாப்புடாத ராசா, உப்ப அள்ளிப் போடுவானுங்கோ." ஒரு பெண் தன் மாத்திரை அட்டையை எடுத்து, தினம் எந்த நேரம் போடுகிறாள் என்று விளக்கினாள். அவர் படுத்தபடியே, "சரிங்க, சரிங்க" என்று எல்லோருக்கும் பதில் சொன்னார்.

அரை மணி கழித்துப் பார்த்தபோதும் அதிகமாகவே இருந்தது. சில பரிசோதனைகளை எழுதிக்கொடுத்து, அடுத்த வாரம் கட்டாயம் வரவேண்டும் என்றார் டாக்டர். அதிகாரி எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டு, கடமை ஞாபகம் வந்தவராக லேப்டாப்பைத் திறந்தார்.

"டாக்டர், ஃபண்டிங் பத்திக் கொஞ்சம் கேக்கணுங்க."

"அது பேடா, வேண்டாம். நீ இப்ப என் பேஷன்ட். பேஷன்ட்கிட்ட நான் பணம் பத்திப் பேச மாட்டேன்."

நான் அதிகாரியைக் கீழே வரை கொண்டுவிடப் போனேன். மில் வாசலில் நின்று தயங்கினார். "மேடம், இனிமே இத நான் எழுதுனா சரியா வராதுங்க. வேற ஆளப் பாக்கச் சொல்லிடறேன்" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். எனக்கு அழுகை வந்தது.

மேலே வந்து சொன்னதும் அக்கா டாக்டரைப் பிடித்துக்கொண்டார். "துட்டு குடுக்க வந்த மனுசன இப்படி நோயாளி ஆக்கி அனுப்பிட்டீங்களே!"

"நான் ஆக்கலை. அவன் ஆகியே வந்தான்" என்றார் டாக்டர். "அடுத்தது யாரு, வாம்மா."

வேறு ஆள் வந்தது மழைக்காலம் முடிந்த பிறகு. கறாரான ஓர் அம்மா. எல்லாவற்றையும் பார்த்துவிட்டு எங்களை எலெக்ட்ரானிக் சிட்டிக்கு அழைத்தார். கண்ணாடிச் சுவர் வைத்த அறை; ஏசி குளிரில் டாக்டர் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். கருவிகள் தருகிறோம், மருந்து தருகிறோம், வீடு வீடாகப் போகிற பெண்களுக்குச் சம்பளம் மட்டும் தர முடியாது. மாத்திரை போட நினைவூட்டுவதற்குப் போனில் ஒரு செயலி செய்து தந்துவிடலாம் என்றார் அந்த அம்மா. டாக்டர் என்னைப் பார்த்தார். பணம் பற்றிப் பேசுவது என் வேலை.

"அப்படின்னா வேண்டாம் மேடம்" என்றேன். "கருவி எங்ககிட்ட இருக்கு. மாத்திரை நிறுத்திட்ட பொம்பளையோட வாசல்ல போய் நிக்கறதுக்குத்தான் ஆள் வேணும். அதுக்குத்தான் கேட்டோம்."

இருவரும் எழுந்து வந்துவிட்டோம். மேம்பாலத்தில் பஸ் போய்க்கொண்டிருந்தபோது, "தப்புப் பண்ணிட்டேனா டாக்டர்?" என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பியபடி, "கேக்க வேண்டியதைத்தானே கேட்டே" என்றார். கொஞ்ச நேரம் கழித்து என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

கடைசியில் கம்பெனியில் சம்பளத்தையும் சேர்த்தே ஒப்புக்கொண்டார்கள். செய்தி வந்த அன்று அக்கா மாமியாரிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்று போனவர், ஒரு தூக்கு நிறையக் கேசரியோடு திரும்பினார். சர்க்கரைக்காரர்கள் உட்கார்ந்திருந்த அறையில் கேசரி. டாக்டர் எங்களைப் படிக்கட்டுக்குத் துரத்தி, கதவைச் சாத்திவிட்டுச் சாப்பிடச் சொன்னார்.

அதன் பிறகு வந்த வருஷங்களைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். பெரிதாக ஒன்றும் நடக்காத சாயங்காலங்கள். கரூர்க்காரர் சனிக்கிழமைகளில் பைக்கில் அவ்வளவு தூரம் வருவார். பெஞ்சில் இரண்டு பெண்களுக்கு நடுவே தன் முறைக்குக் காத்திருப்பார். நிதி பற்றி நானும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. பி.ஜி.யை விட்டு நண்பர்களோடு வீடு எடுத்துச் சமைக்கத் தொடங்கியபோது, ரசத்தில் எவ்வளவு உப்பு என்று பெஞ்சே கூடி விவாதித்தது. அழுத்தம் முதல்முறை கட்டுக்குள் வந்த அன்று, கம்பெனி பாராட்டுக் கடிதம் அனுப்பியபோதுகூட மலராத டாக்டரின் முகம் மலர்ந்தது.

ஒப்பந்தம் முடிந்ததும் கம்பெனி வேறு திட்டங்களுக்குத் திரும்பிக்கொண்டது. யார் மேலும் கோபமில்லை. முடியும் என்று தெரிந்தே வாங்கியதுதான். டாக்டருக்கும் முழங்கால் படி ஏற விடவில்லை. மைசூரில் மகள் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

கடைசி நாள் கிளினிக் நடத்தவில்லை. பக்கத்து அரசு சுகாதார நிலையத்துக்கு எல்லோரையும் கூட்டிக்கொண்டு போனோம். முன்னால் அக்கா, ஓர் ஆட்டோவில் டாக்டர், பின்னால் ஊர்வலம் போலப் பெண்கள். கடைசியில் நான். அங்கிருந்த இளம் டாக்டரம்மா இவ்வளவு பேரைப் பார்த்து எழுந்து நின்றுவிட்டார். எங்கள் டாக்டர் ஒவ்வொருவரையும் தோளைத் தொட்டு முன்னால் நிறுத்தினார். "இவளுக்கு மாத்திரை காலைல குடுக்காதே, மயக்கம் வரும். இவ பொய் சொல்லுவா, நம்பாதே. இவ மகன் குடிக்கறான், அன்னிக்கு மட்டும் பி.பி. ஏறும்." பொய் சொல்லுகிறவள் முதலில் சிரித்தாள். பிறகு டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

இப்போது நான் வேறொரு பெரிய நிறுவனத்தில் இருக்கிறேன். மாநிலம் முழுக்கத் திட்டங்கள், நிதிக்குக் குறைவில்லை. அக்கா அதே சுகாதார நிலையத்தில் ஒப்பந்த ஊழியராகச் சேர்ந்துவிட்டார். போன மாதம் அல்சூர் போகும் வழியில் நீலசந்திராவில் இறங்கி அவரைத் தேடிப் போனேன். வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேரை எனக்குத் தெரிந்தது. ஒருத்தி என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "எளைச்சிப் பூட்டியே மேடம், சாப்புடறதில்லியா?" என்றாள்.

அக்கா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "வந்துட்டீங்களா? கூட்டம் இருக்கு. உக்காருங்க, டீ சொல்றேன்" என்றார். பெஞ்சில் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார்கள். அவசரமாகப் போகவேண்டிய இடம் ஒன்று இருந்தது. நான் போகவில்லை.